அந்த நீல வயர் எதற்கு?

அத்தியாயம் 4

“நொறுங்கிப் போன சாமான் பேசாது, மிஸ்” என்றார் பொலிஸ் ஸ்டேஷன் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி.

சிங்களத்தில்தான் சொன்னார்; தமிழ் கேட்டால் அவருக்கு விளங்கும். மேசையில் கிடந்த பொலித்தீன் பையை ஒரு விரலால் எங்கள் பக்கம் தள்ளினார். உள்ளே உடைந்த கறுப்பு பிளாஸ்டிக், நசுங்கிய குட்டி ஸ்பீக்கர், சில வயர்கள். நேற்றுப் பின்னேரம் வரை அது ஒரு பெட்டி. வாகனத்தில் பூட்டினால் டிரைவரோடு கதைக்கும். பாதை கேட்டால் சொல்லும், பெட்ரோல் எவ்வளவு என்று கேட்டால் சொல்லும். வெள்ளவத்தைப் பாலத்துச் சோதனைச் சாவடியில், ஒரு தமிழனின் பைக்குள்ளிருந்து வயரும் தானுமாக வெளியே வந்த நிமிடமே அது வெடிகுண்டாகிவிட்டது. குண்டு அகற்றுகிறவர்கள் வந்து உடைத்தார்கள். அது வெடிக்கவில்லை. வெடிக்காததற்காக யாரும் மன்னிப்புக் கேட்கவுமில்லை.

பெட்டியைக் கொண்டுவந்த ஹியூபேட் உள்ளே பொலிஸ் கூட்டுக்குள் அடைபட்டிருந்தார். அவருடைய மனைவி மெற்றில்டா, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

ஓ.ஐ.சி.யின் எதிரே உட்கார்ந்திருந்தவர் மிஸ் மாக்ரெட். முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வாகனங்களைப் பரிசோதித்தவர். யார் மோதினான், யார் மோதியதாகப் பொய் சொல்கிறான் என்பதை நசுங்கிய மட்கார்டை வைத்தே சொல்லுவார். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்துத் துப்பறிகிறார். நான் இராமர். மிஸ்ஸின் உதவியாளன், த்ரீவீல் டிரைவர், கீழே இறங்கி மீன் வைத்த மாலுபாண் வாங்கி வருகிறவன். மூன்றில் மூன்றாவதில்தான் எனக்குத் திறமை என்பது மிஸ்ஸின் அபிப்பிராயம்.

“அந்த ஆள் ஒரு பெயர் சொன்னான். சொல்லவில்லை, எழுதிக் காட்டினான். ஹெவ்லொக் டவுன் மிஸ்டர் வலன்ரைன்” என்றார் ஓ.ஐ.சி. “போன் பண்ணிக் கேட்டேன். பேசும் பெட்டி தன்னுடைய கண்டுபிடிப்பு, தன் பெயரில் பேட்டன்ற் எடுக்கப் போட்டாயிற்று, ஹியூபேட் தனக்கு ஈயம் பற்றவைத்துக் கொடுத்த எலெக்ட்ரிஷியன், வேறு ஒன்றும் இல்லை என்கிறார். அவன் பைக்குள் என்ன வைத்திருந்தானோ தனக்குத் தெரியாதாம். இப்போது சொல்லுங்கள். ஓர் எலெக்ட்ரிஷியன் வயர் பெட்டியோடு பிடிபட்டிருக்கிறான். கேட்டால் வாய் திறக்கிறானில்லை. நான் என்னவென்று எழுத?”

“அவருக்குத் திக்குவாய், சேர்” என்றாள் மெற்றில்டா. “வீட்டில எண்டா ஒரு மாதிரிக் கதைப்பார். யூனிஃபோமைக் கண்டா தன்ர பேரே வராது. போன வருஷமும் செக்பொயின்டில பேர் சொல்லேல்ல எண்டு பிடிச்சு விடியும்வரைக்கும் வச்சிருந்தவை.”

ஓ.ஐ.சி. கண்ணைக் கசக்கினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. தூங்காத மனிதராகத் தெரிந்தார். யுத்தம் நடந்த அந்த வருஷத்தில் கொழும்பில் யார்தான் தூங்கினார்கள்?

“எட்டு மணிக்குத் தடுப்புக் கட்டளை வரும். வந்தால் ஆளைக் கொழும்பில் வைத்திருக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. பேசுகிற பெட்டி ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம். ஆறரைக்குப் பிறகு நான் பாலத்துச் சாவடியில் நிற்பேன்.”

வெளியே வந்ததும் மெற்றில்டா அழுதுவிட்டாள். மதிலைப் பிடித்துக்கொண்டாள். கொழும்பைவிட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்கள் உண்டு. வராதவர்களின் வீடுகளும் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கு முன்னால் ஹோர்ன் அடிக்கவே எனக்குக் கை வராது. தகரம் விழுந்த சத்தம் கேட்டாலும் கேட்டைத் திறந்து பார்ப்பார்கள்.

“மிஸ், ஏதாவது செய்யுங்கோ. மாதா மேல ஆணையா, அவர் ஒண்டும் செய்யேல்ல.”

“அழுகையைப் பிறகு பாப்பம். இப்ப கேக்கிறதுக்குப் பதில் சொல்லும்” என்றார் மிஸ். “இன்னொரு பெட்டி இருக்கோ?”

“இருக்கு. முதல் செஞ்சது. பேட்டன்ற் எடுத்துத் தாறன் எண்டு வலன்ரைன் சேர்தான் வாங்கிக்கொண்டு போனவர். தன்ர வானில பூட்டி வச்சிருக்கிறாராம். அதைவிடத் திறமா ஒண்டு செஞ்சிட்டன், காட்டிப்போட்டு வாறன் எண்டுதான் நேத்து இவர் போனவர்.”

“இராமர், ஹெவ்லொக் டவுன்.”

“எடுத்தாச்சுங்க மிஸ். மூணு மணி நேரந்தான் இருக்கு. நம்ம வண்டிக்கு ரெக்கை மட்டும் இல்ல.”

“பிறேக்கும் இல்ல. பாத்து ஓடும்.”

மழைக்கு முந்திய இருட்டு. ஐந்து மணிக்கே எல்லா வாகனங்களும் லைட் போட்டுவிட்டன. பின்னால் மிஸ்ஸின் குரல் கேட்டது.

“மெற்றில்டா, உம்மட புருஷன் என்னத்துக்கு இந்தப் பெட்டியைச் செய்யத் தொடங்கினவர்? டிரைவரோட கதைக்க ஆள் இல்லையெண்டோ?”

“தெரியாது மிஸ். கேட்டா வெக்கப்படுவார். அறைக் கதவைச் சாத்திப்போட்டு, மைக்கை வச்சு எதையோ சொல்லுவார். ஒரே சொல்லை நூறு தரம் சொல்லுவார். பிறகு கம்ப்யூட்டரில வெட்டுவார், ஒட்டுவார். எனக்குக் கேக்கக் குடுக்கமாட்டார்.”

நடுவில் ஒரு சோதனைச் சாவடி. ஹெட்லைட்டை அணைத்தேன், உள் லைட்டைப் போட்டேன், இரண்டு கையையும் தெரிகிற மாதிரி ஹாண்டிலில் வைத்தேன், சிரித்தேன். கொழும்பு டிரைவருக்கு இதெல்லாம் யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகச் செய்யும். இருட்டில் வருகிற வாகனத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று துப்பாக்கிக்காரனுக்குத் தெரியவேண்டும், அதற்குத்தான் உள் லைட். அவன் குனிந்து மூன்று அடையாள அட்டைகளையும் பார்த்தான். என்னுடையதை இரண்டு தரம் பார்த்தான். மலையகத்துத் தேயிலை ஊரான பொகவந்தலாவையில் பிறந்தவன் கொழும்பில் ஏன் என்று கேட்டான். தேயிலை எல்லாம் இங்கே வந்துவிட்டது, நானும் வந்துவிட்டேன் என்று சிங்களத்தில் சொன்னேன். சிரித்துவிட்டு விட்டான். என் வாய் எனக்குச் சோறு போடுவது இப்படித்தான். வாய் வராதவன் என்ன செய்வான்?

உள் லைட்டை அணைக்கப் போனேன். “கொஞ்சம் பொறும்” என்றார் மிஸ். அந்தக் குட்டி பல்பை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். பிறகு, “சரி, அணையும்” என்றார்.

ஜோர்ஜ் வலன்ரைனின் வீட்டில் வாசல் கேட்டே எங்கள் பேக்கரியைவிட அகலம். மிஸ் தன் பழைய இன்சூரன்ஸ் கார்டை நீட்டினார். மெற்றில்டாவைத் தன் டைப்பிஸ்ட் என்றார். பயமே இல்லாமல் சொன்னார். ஈயம் பற்றவைக்கிறவனின் மனைவி முகம் அந்த மனிதருக்கு எங்கே தெரியப்போகிறது?

“கம்பெனி இன்சூர் பண்ணுற வான் எல்லாத்திலயும் உங்கட பெட்டியைப் பூட்டலாமா எண்டு பாக்கச் சொல்லியிருக்கு” என்றார் மிஸ். “இண்டைக்கே ரிப்போட் குடுக்கவேணும்.”

வலன்ரைனின் முகம் மலர்ந்தது. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து வந்தவர். நெற்றியில் சந்தன நிறக் கண்ணாடி, காலில் வீட்டுக்குள்ளும் சப்பாத்து.

“வெல்கம், வெல்கம். வேர்ல்ட்ல இப்பிடி ஒண்டு இல்லை, மிஸ். மூண்டு வருஷம் நித்திரை முழிச்சு நானே செஞ்சது.”

மெற்றில்டா தன் ஒரு கையால் மறு கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்காததற்கு நான் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொடுக்கவேண்டும்.

கராஜில் புது வான். ஸ்டியரிங் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி. டிரைவர் பாயிஸ் சாவியைத் திருப்பினான். ரேடியோ அறிவிப்பாளர் போல ஒரு பெண் குரல்: “வணக்கம், திரு வலன்ரைன். இன்று எங்கே செல்வோம்?”

“குரல் நான் சல்லி குடுத்துச் செய்விச்சது” என்றார் வலன்ரைன். “கேளுங்கோ, எதையும் கேளுங்கோ.”

“ஏம்மா, ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” என்று கேட்டேன்.

“மன்னிக்கவும். அந்த இடத்துக்குப் போகும் பாதை எனக்குத் தெரியாது.”

“எனக்கும் இன்னும் தெரியலம்மா.”

மிஸ் சிரிக்கவில்லை. டோர்ச்சை வாங்கி, டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டார். சேலை நசிவதைப்பற்றிக் கவலைப்படாமல் மல்லாந்தார். பழைய தொழில் புத்தி. பெட்டிக்குப் பின்னால் வயர்கள் கற்றையாக இருந்தன. எல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்தன. ஒன்றைத் தவிர. ஒரு நீல வயர், நுனியில் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது.

“இது என்னத்துக்கு, மிஸ்டர் வலன்ரைன்?”

“எது? அதுவா… அது எக்ஸ்ட்ரா. வருங்கால வசதிக்கு.”

“என்ன வசதி?”

“பலதும்தான். டெக்னிக்கல் விஷயம் மிஸ், சொன்னாலும் விளங்காது.”

“பொறுங்கோ, நீங்க வாகனத்தில இரவில போறதே இல்லையோ?”

“ஏன் போறதில்லை? பின் சீட்டில லப்டொப்பைப் பாத்துக்கொண்டு போவன். செக்பொயின்டில பாயிஸ் என்ர பாஸ்போட்டைக் காட்டுவான். வெளிநாட்டுப் பாஸ்போட். ஒரு நாளும் பிரச்சினை இல்லை. இந்த வான் புதுசு, இன்னும் றோட்டுக்கு எடுக்கேல்ல.”

மிஸ் எழுந்து கையைத் தட்டினார்.

“தொங்குற வயரோட வாகனத்தை நான் பாஸ் பண்ணுறதில்லை. அதை எங்கயாவது பொருத்திக் குடுத்தாத்தான் றோட்டில ஓட்டிப் பாப்பன்.”

வலன்ரைன் நீல வயரைப் பார்த்தார். பாயிஸைப் பார்த்தார். பிறகு என் வாழ்நாளில் மறக்கமுடியாத ஒரு கேள்வியை மிஸ்ஸிடம் கேட்டார்.

“சரி. அப்ப அதை எதில குடுக்கிறது?”

கண்டுபிடித்தவர் கேட்கிறார், பார்க்க வந்தவரிடம்! என் நாக்கு நுனிவரை வந்ததை மிஸ்ஸின் பார்வை திருப்பி அனுப்பியது.

“இராமர், மேல உள் லைட்டுக்குப் போற வயரில குடும்.”

நான் வானுக்குள் ஏறிக் கவரைக் கழற்றும் சாட்டில் மெதுவாகக் கேட்டேன்: “மிஸ், சோட் ஆயி பொட்டி பத்திக்கிச்சுன்னா? நம்ம கையில இருக்கிற ஒரே பொட்டி இது.”

“தெரியும்.”

“நிச்சயமாத்தான் சொல்றீங்களா?”

“இல்ல” என்றார் மிஸ்.

அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை இப்படி அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. டேப்பைப் பல்லால் கடித்து, வயரை முறுக்கிக் கொடுத்தேன். பெட்டி எரியவில்லை. ஆனால் ஒன்றும் செய்யவுமில்லை.

ஆறரை தாண்டிவிட்டது. வலன்ரைன் பின்னால் ஏறினார், அவருக்கு ஒரு பக்கம் மிஸ், மறு பக்கம் மெற்றில்டா. நான் முன்னால் பாயிஸோடு. வானம் பிளந்துகொண்டு மழை கொட்டியது. பாலத்தை நோக்கி வாகன வரிசை ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது.

“எரிபொருள் அரைத் தொட்டி உள்ளது” என்றாள் பெட்டிக்காரி. யார் கேட்டார்கள்?

“ஏன் இந்தப் பக்கம் வாறம்?” என்றார் வலன்ரைன். “வேற வழியால போயிருக்கலாமே.”

“நெருக்கடியான இடத்தில பாக்கவேணும்” என்றார் மிஸ். “நெருக்கடியிலதானே ஆருக்கும் உதவி தேவை?”

ஏழு மணி. ஏழேகால். முன்னால் ஒரு லொறியை முழுக்க இறக்கிச் சோதித்தார்கள். மெற்றில்டாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அருள்நிறைந்த மரியே, அருள்நிறைந்த மரியே. அந்த லொறிக்காரனை நான் திட்டாத திட்டு இல்லை, மனதுக்குள்தான். எட்டு மணிக்கு ஒரு கடதாசி வந்துவிடும். அதன்பிறகு பெட்டி பாட்டே பாடினாலும் பிரயோசனம் இல்லை.

கடைசியில் எங்கள் முறை வந்தது. மழைக்கோட்டோடு ஓ.ஐ.சி. நின்றார். மிஸ்ஸைக் கண்டுவிட்டு அவரே நடந்து வந்தார். பாயிஸ், கொழும்பு டிரைவர் எல்லோரும் செய்வதைச் செய்தான். ஹெட்லைட்டை அணைத்தான். கையை உயர்த்தி உள் லைட்டைப் போட்டான்.

“அடுத்த சந்தியில் இடது பக்…” பெண் குரல் பாதியில் அறுந்தது.

கூரையில் மழை மட்டும். சோட் ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். போச்சு. என் கையாலேயே அந்த மனிதனைத் தொலைத்துவிட்டேன்.

அப்போது பெட்டிக்குள் ஓர் ஆண் குரல் கேட்டது. மெதுவான, பணிவான சிங்களம்.

“குட் ஈவினிங், மஹத்தயா. மகே நம ஹியூபேட்.”

ஓ.ஐ.சி. ஜன்னலோரம் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். என் பெயர் ஹியூபேட் என்று சொன்ன குரல் தொடர்ந்தது. ஐயா, எனக்கு வீடு கொட்டாஞ்சேனையில். வேலை முடிந்து போகிறேன். எனக்குப் பேசுவது கஷ்டம், அதனால் எனக்காக இந்தப் பெட்டி பேசுகிறது. பேசாமல் இருப்பது மரியாதைக் குறைவால் இல்லை. அடையாள அட்டை சட்டைப் பைக்குள் இருக்கிறது. எடுக்கட்டுமா ஐயா?

“கன்னத, மஹத்தயா?” என்று கேட்டுவிட்டுக் குரல் காத்திருந்தது.

“கன்ன” என்றார் ஓ.ஐ.சி. எடு என்று அர்த்தம். யோசிக்காமல் சொல்லிவிட்டார், ஆயிரம் பேருக்குச் சொன்ன பழக்கத்தில்.

“போஹோம ஸ்துதி, மஹத்தயா” என்று பெட்டி நன்றி சொன்னது.

மெற்றில்டா ஓவென்று அழத் தொடங்கினாள். “இவற்ர குரல்… மிஸ், இது இவற்ர குரல். திக்காமச் சொல்லுறார். தன்ர பேரை ஒருக்காலும் இப்பிடிச் சொல்லி நான் கேக்கேல்ல.”

மிஸ் சிங்களத்தில் கேட்டார்: “சேர், இப்போது நீங்கள் யாரோடு பேசினீர்கள்?”

ஓ.ஐ.சி. பெட்டியைப் பார்த்தார். மழைத்தண்ணீர் தொப்பியிலிருந்து வானுக்குள் சொட்டியது.

“இது என்ர அனுமதி இல்லாம அவன் செய்த வேலை!” என்று வலன்ரைன் கத்தினார். “என்ர பெட்டிக்குள்ள எனக்குத் தெரியாமப் புகுத்தியிருக்கிறான்! சபொட்டாஜ்!”

ஓ.ஐ.சி. அவரைத் திரும்பிப் பார்த்தார். தூக்கக் கலக்கம் அந்தக் கண்ணில் இப்போது இல்லை.

“ஈயம் மட்டும் பற்றவைத்தவன், மிஸ்டர் வலன்ரைன், உள்ளே போய்ப் பேசியது எப்படி?”

வலன்ரைனின் வாய் திறந்தது, மூடியது. திக்குவாய் தொற்றும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“இவர் குரலை மாற்றினார், பெயரை மாற்றினார்” என்றார் மிஸ். “நீல வயர் எதற்கென்று இவருக்கு விளங்கவில்லை. சேர், உள் லைட் எரியும்போது தொண்டை அடைக்கிறவன்தான் அந்த லைட்டில் ஒரு வயரைக் கொடுப்பான். ஹியூபேட் செய்தது இந்த ஒரு வேலைக்குத்தான். பாதை சொல்வதும் பெட்ரோல் சொல்வதும் பிறகு வந்தவை. பின் சீட்டில் உட்கார்ந்து பாஸ்போட் காட்டுகிறவருக்கு இப்படி ஒன்று தேவைப்பட்டிருக்காது.”

ஓ.ஐ.சி. மணிக்கூட்டைப் பார்த்தார். வலன்ரைனை ஜீப்பில் ஏறச் சொன்னார். பெட்டியைத் தானே கழற்றினார், ஒரு வயரும் அறாமல்.

கட்டளை வந்தபோது ஓ.ஐ.சி.யின் அறிக்கை அதற்கு முன்னால் மேலே போய்விட்டிருந்தது. ஹியூபேட்டை விட்டார்கள். வாரம் ஒரு முறை வந்து கையெழுத்துப் போடவேண்டும், பெட்டி சாட்சியாக ஸ்டேஷனில் இருக்கும் என்றார்கள். அவருடைய கன்னம் வீங்கியிருந்தது. யார், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

பாயிஸ் எங்களைக் கொண்டுபோய், வலன்ரைன் வீட்டு வாசலில் நின்ற என் த்ரீவீலில் ஏற்றிவிட்டான். “நாளைக்கு பேட்டன்ற் ஓபிசுக்குப் போறம், உம்மட பேரைப் போட” என்றார் மிஸ். ஹியூபேட் தலையை ஆட்டினார். ஓம் என்றா, வேண்டாம் என்றா, எனக்கு விளங்கவில்லை.

கொட்டாஞ்சேனை கிட்டும்போது இன்னொரு சாவடி. ஹெட்லைட்டை அணைத்தேன். உள் லைட்டைப் போட்டேன். இளம் சிப்பாய் ஒருவன் குனிந்து டோர்ச்சை நேரே ஹியூபேட்டின் வீங்கிய கன்னத்தில் அடித்தான்.

“நம?”

ஹியூபேட்டின் தாடை அசைந்தது. சத்தம் வரவில்லை. மெற்றில்டா வாய் திறந்தாள், அவன் கையைக் காட்டி அவளை அடக்கினான். துப்பாக்கியின் வார் தோளிலிருந்து ஓர் அங்குலம் இறங்கியது. எல்லா இடத்திலும் ஓடுகிற என் வாய் அங்கே ஓடவில்லை. பெட்டி இல்லை. மிஸ் மாக்ரெட்டிடமும் ஒன்றும் இல்லை.

“க… க…” என்றார் ஹியூபேட். சட்டைப் பைக்குக் கொஞ்சம் தள்ளி அவருடைய கை அந்தரத்தில் நின்றது. “க… கன்ன… கன்னத, மஹத்தயா?”

பெயர் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நூறு தரம் சொல்லிப் பழகிய கேள்வி வந்தது.

சிப்பாய் டோர்ச்சைத் தாழ்த்தினான். “கன்ன” என்றான்.

எடுத்தார். பார்த்தான். கொடுத்தான். போகச் சொன்னான்.

அடுத்த சந்தி தாண்டும்வரை உள் லைட்டை அணைக்க மறந்துவிட்டேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மெற்றில்டா தன் கையை ஹியூபேட்டின் சட்டைப் பையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு வந்தாள்.